விடுதலையான தலைக்கு ஒரு குல்லா

கேள்வி இதுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கண்ணும் காலும் முளைத்த ஒரு சிவப்பு முக்கோணம் சின்னமாக வந்ததே, அது தொப்பி என்கிறார்கள். தொப்பிக்கும் சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? நம்முடைய காந்தி குல்லாவும் அந்த வரிசையில் சேருமா?

இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன். முதலாவதற்குச் சுருக்கமான பதில்: பழைய ரோமில் அடிமையை விடுவிக்கும்போது அவன் தலையை மழித்து, ஒரு குல்லா போட்டுவிடுவார்கள். அந்தக் குல்லாவின் நினைவுதான் இரண்டாயிரம் ஆண்டு தாண்டி பாரிஸ் வரை வந்தது. வருகிற வழியில் குல்லாவே மாறிப்போய்விட்டது என்பது தனிக்கதை.

விரிவாகச் சொல்வதற்கு முன்னால் ஒன்று. தமிழில் சுதந்திரம், விடுதலை என்று இரண்டு சொல் வைத்திருக்கிறோம். பேச்சில் ஒன்றுக்கு ஒன்றைப் புழங்குகிறோம் என்றாலும் இரண்டும் ஒன்றில்லை. சுதந்திரம் ஒருவனுக்குப் பிறக்கும்போதே இருக்கலாம். விடுதலை என்றால் முன்னால் ஒரு கட்டு இருந்திருக்க வேண்டும். இந்தத் தொப்பி முழுக்க முழுக்க விடுதலையின் தொப்பி. பிறவியிலேயே சுதந்திரமானவனுக்கு இது தேவையே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் ஆட்சியாளர்கள் இதைப் பார்த்து ஏன் அவ்வளவு நெளிந்தார்கள் என்பது புரியும்.

சரி, பொருளைப் பார்ப்போம். லத்தீனில் அதன் பெயர் பிலியஸ். ஆட்டுமயிரை நனைத்து, அடித்து, அழுத்தி எடுக்கும் ஃபெல்ட்டில் செய்தது. விளிம்பு கிடையாது. முட்டையைக் குறுக்கே வெட்டி, பாதியைக் கவிழ்த்தால் எப்படியோ அப்படி. கிரேக்கத்தில் மாலுமியும் கைத்தொழிலாளியும் போட்டுக்கொண்ட சாதாரணத் தலையணிதான். ஆனால் ரோம் நகரத்துக்குள் ஆண்கள் பெரும்பாலும் வெறுந்தலையோடு திரிந்தார்கள். அதனால் தலையில் பிலியஸ் இருந்தால் கண்ணில் படும்.

அடிமையை விடுவிக்க முறையான சடங்கு உண்டு. அதிகாரி முன்னால் அவனை நிறுத்தி ஒரு கோலால் தொடுவார்கள். எஜமான் அவனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுவான். முடிந்தது. இதற்கும் வரி கட்ட வேண்டும் என்பது வேறு விஷயம்: அந்த மனிதனின் விலையில் இருபதில் ஒரு பங்கு, கி.மு. 357 முதல். ரோமின் விடுதலைத் தேவதையான லிபெர்டாஸ் நாணயங்களில் ஒரு கையில் கோலும் இன்னொரு கையில் பிலியஸும் வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அந்தக் கோல் இந்தக் கோல்தான்.

ரோமுக்குத் தெற்கே கடலோரத்தில் தெர்ராசினா என்று ஓர் ஊர். அங்கே ஃபெரோனியா என்ற தேவிக்குக் கோயில் இருந்தது. விடுதலை பெற்றவர்கள் மழித்த தலையில் பிலியஸை வாங்கிக்கொள்ளும் இடம் அது. கோயிலில் ஒரு கல் இருக்கை இருந்ததாகவும் அதில் ஒரு வரி பொறித்திருந்ததாகவும் லத்தீன் கவிஞர் விர்ஜிலுக்கு உரை எழுதிய செர்வியுஸ் குறித்துவைத்திருக்கிறார். வரியின் பொருள் ஏறக்குறைய இப்படி: ‘தகுதியுள்ள அடிமைகள் உட்காரட்டும், சுதந்திரர்களாக எழுவார்கள்.’ அந்தக் கல்லில் உட்கார்ந்து எழுவதற்கு எத்தனை வினாடி ஆகியிருக்கும்?

ஆனால் இதே பிலியஸுக்கு ரோம் சந்தையில் இன்னொரு வேலையும் இருந்தது. பலருக்குத் தெரியாத சங்கதி. விற்பனைக்கு நிறுத்தும் அடிமையின் தலையில் பிலியஸ் வைத்திருந்தால், விற்கிறவன் எந்த உத்தரவாதமும் தரவில்லை என்று அர்த்தம். இவன் நோயாளியா, ஓடிப்போகிறவனா, திருடுகிறவனா, எதற்கும் நான் பொறுப்பில்லை, பார்த்து வாங்கிக்கொள். ஔலுஸ் கெல்லியுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் இதை எழுதிவைத்திருக்கிறார். விடுதலையானவனின் தலையிலும் பிலியஸ், பொறுப்பில்லாமல் விலைபோகிறவன் தலையிலும் பிலியஸ்.

தலையில் என்ன இருக்கிறது, தோளில் என்ன இருக்கிறது என்பதை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் நமக்கொன்றும் புதிதில்லை. சிலரைக் கண்டால் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்றிருந்த ஊர்கள் இங்கேயும் இருந்தன. துண்டு மறுபடி தோளேறியது சின்ன விஷயமா என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் தெரியும். பிலியஸையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

ரோமானியர்கள் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இரண்டு காட்சி போதும். கி.மு. 201இல், ரோமின் எதிரியான கார்த்தேஜை வென்ற தளபதி சிபியோ வெற்றி ஊர்வலம் வருகிறார். பின்னால் பிலியஸ் போட்டுக்கொண்டு ஒருவர் நடந்து வருகிறார். அடிமை இல்லை, குவிண்டுஸ் டெரெண்டியுஸ் குல்லேயோ என்ற செனட்டர். கார்த்தேஜில் கைதியாகக் கிடந்தவரை மீட்டது சிபியோ. ‘நான் உன்னால் விடுதலையானவன்’ என்று ஊர் பார்க்கச் சொல்லும் முறை அது. இரண்டாவது காட்சியில் பித்தினியா நாட்டு அரசன் புரூசியாஸ். ரோமின் தூதர்கள் வந்தபோது தலையை மழித்து, வெள்ளை பிலியஸ் போட்டு எதிரே வந்து, ‘பாருங்கள், நான் உங்கள் விடுதலை அடிமை’ என்ற தோரணையில் நின்றான். இதை எழுதிய வரலாற்றாசிரியர் பொலிபியுஸுக்கு ஒரே அருவருப்பு. ஓர் அரசனே இப்படியா என்று.

அதாவது பிலியஸ் போட்டவன் இனி அடிமை இல்லை. ஆனால் யாரோ ஒருவருக்குக் கடன்பட்டவன். விடுதலையானவன் பழைய எஜமானின் பெயரைச் சுமந்தான், அவனுக்குச் சில கடமைகளும் செய்ய வேண்டியிருந்தது. தொப்பிக்குள் அந்த நன்றிக்கடனும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இதைத் தலைகீழாக்கியவர்கள் சீசரைக் கொன்றவர்கள். கி.மு. 44, மார்ச் 15. கொலை முடிந்து கத்தியோடு வெளியே ஓடியவர்களில் ஒருவன் ஈட்டி நுனியில் ஒரு பிலியஸை மாட்டித் தூக்கிக்கொண்டு போனான் என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். இரண்டொரு வருஷத்துக்குள், கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் தன் படைக்குச் சம்பளம் கொடுக்க அடித்த வெள்ளி நாணயத்தில் அதுவே படமாகிவிட்டது: நடுவில் ஒரு பிலியஸ், இரண்டு பக்கமும் இரண்டு குறுவாள், கீழே மார்ச் 15ஐக் குறிக்கும் லத்தீன் எழுத்துகள். நாணயத்தில் கொலைத் தேதியையும் ஆயுதத்தையும் போட்டு, அதைப் பெருமையாக நீட்டிய ஆள் வரலாற்றில் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை. செய்தி தெளிவு. குடிமக்களே, நீங்கள் சீசருக்கு அடிமையாக இருந்தீர்கள். இந்தக் கத்திகள்தான் உங்களை விடுவித்தன. மறுபக்கத்தைத் திருப்பினால் புரூட்டஸின் சொந்த முகம். உயிரோடிருக்கும்போதே தன் முகத்தை நாணயத்தில் போட்டுக்கொண்டார் என்று சீசரைப் பற்றிப் பொருமியவர்களில் ஒருவர்தான் இவர்!

இந்த நாணயத்தின் வெள்ளிப் பிரதிகள் ஏறத்தாழ நூறு மிஞ்சியிருக்கும். தங்கத்தில் அடித்தவை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒன்று 2020இல் லண்டனில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. அப்புறம் அதன் பூர்வீகக் கதை பொய் என்று தெரியவந்து, 2023இல் கிரேக்க நாட்டிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அந்த நாணயத்துக்கும் ஒருவழியாக விடுதலை.

கி.பி. 68இல் நீரோ செத்த செய்தி பரவியபோது ரோம் மக்கள் பிலியஸ் போட்டுக்கொண்டு நகரம் முழுக்க ஓடினார்கள் என்று பேரரசர்களின் வரலாறு எழுதிய சுவெடோனியுஸ் சொல்கிறார். டிசம்பரில் சாட்டர்னாலியா பண்டிகை வந்தால் எஜமானும் அடிமையும் எல்லோரும் அதைப் போட்டுக்கொள்வார்கள். சில நாள் கூத்து. பண்டிகை முடிந்ததும் அவரவர் இடத்துக்கு.

இப்போது குல்லாவே மாறிப்போன அந்தப் பிழைக்கு வருவோம். பாரிஸ் ஒலிம்பிக் சின்னத்தை நினைத்துப் பாருங்கள். உச்சி முன்பக்கமாக மடிந்து தொங்குகிறதா? அது பிலியஸ் இல்லை. ஃப்ரிஜியத் தொப்பி. ஃப்ரிஜியா என்பது இன்றைய துருக்கியின் உட்பகுதி. கிரேக்க ஓவியர்கள் கிழக்கத்தியர் யாரையாவது வரைய வேண்டும் என்றால் இந்தத் தொப்பியை மாட்டிவிடுவார்கள். டிராய் இளவரசன் பாரிஸ், அமேசான் வீராங்கனைகள், மித்ரா தெய்வம் எல்லோருக்கும் இதுதான். ‘இவர் நம்ம ஆள் இல்லை’ என்பதற்கான ஓவிய அடையாளம். விடுதலைக்கும் இதற்கும் அந்தக் காலத்தில் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது.

பிற்காலத்தில் பழைய சிலைகளையும் நாணயங்களையும் தோண்டிப் பார்த்து வரைந்த ஐரோப்பியர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார்கள். குழப்பத்துக்கு ஒரு நியாயமும் உண்டு: மொழுமொழுவென்ற அரை முட்டையைவிட உச்சி மடிந்த தொப்பி படத்தில் பார்க்க அழகு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் விடுதலைத் தொப்பி என்றாலே உச்சி மடிந்ததுதான் என்றாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்குச் சிவப்பு நிறத்தையும் சேர்த்தார்கள். சிவப்புத் தொப்பி அங்கே ஏற்கனவே ஏழைகளின் கலகத்தோடு சேர்ந்ததுதான். 1675இல் பிரித்தனிப் பகுதியில் முத்திரைத்தாள் வரிக்கு எதிராக எழுந்த குடியானவர் கலகத்துக்கே ‘சிவப்புத் தொப்பிகள்’ என்றுதான் பெயர்.

இடைப்பட்ட காலத்தில் ஓவியர்களுக்குக் கையேடாக இருந்தது சேசரே ரிபா தொகுத்த உருவக அகராதி. 1593இல் முதலில் வந்தது. விடுதலையை எப்படி வரைவது? வெள்ளை உடுத்த பெண், வலது கையில் செங்கோல், இடது கையில் தொப்பி, காலடியில் ஒரு பூனை. பூனை எதற்கு? அதைக் கட்டிப்போட முடியாது என்பதால். ஐரோப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு பூனையை விட்டுவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஸ்பெயினோடு எண்பது ஆண்டு சண்டை போட்டுப் பிரிந்த நெதர்லாந்துக்காரர்கள் பிலியஸுக்குப் பதிலாகத் தங்கள் ஊர் அகல விளிம்புத் தொப்பியையே ஈட்டியில் மாட்டினார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த அவர்களுடைய கில்டர் என்ற வெள்ளி நாணயத்தில் ஒரு பெண் வேதப்புத்தகத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, மறு கையில் தொப்பி மாட்டிய ஈட்டியோடு நிற்கிறாள். ஆனால் சுவிட்சர்லாந்தில் கம்பும் தொப்பியும் நேர் எதிர். வில்லியம் டெல் கதையில், ஆல்ட்டோர்ஃப் சந்தையில் கம்பத்தில் தன் தொப்பியை மாட்டி, போகிறவன் வருகிறவன் எல்லாம் அதற்கு வணக்கம் போட வேண்டும் என்று உத்தரவிட்டவன் கெஸ்லர் என்ற கொடுங்கோல் அதிகாரி. டெல் வணங்கவில்லை, அதனால்தான் மகன் தலையில் ஆப்பிளை வைத்து அம்பு விட வேண்டிவந்தது.

பிரான்ஸ். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1792 தொடக்கத்தில் பாரிஸில் சிவப்புத் தொப்பி காட்டுத்தீயாகப் பரவியது. புரட்சித் தலைவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. மார்ச்சில் ஜாக்கோபின் மன்றம் என்ற புரட்சிக்காரர் சங்கத்துக்கு பாரிஸ் மேயர் பெத்தியோன் எழுதிய கடிதம், இந்தத் தொப்பி வேண்டாம், வீண் பிரிவினை என்றது. புரட்சித் தலைவர் ரோபஸ்பியரும் மூவர்ண ரிப்பனே போதும் என்றார். கூட்டத்தில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டார்கள். தெருவில் இருந்தவர்கள் கழற்றவில்லை.

அதே ஆண்டு ஜூன் 20. கூட்டம் தூய்லெரி அரண்மனைக்குள் புகுந்துவிட்டது. பதினாறாம் லூயி ஒரு சன்னலோரம் ஒதுங்கி நிற்கிறார். யாரோ ஈட்டி நுனியில் ஒரு சிவப்புத் தொப்பியை நீட்டுகிறார்கள். ராஜா அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். தலைக்குச் சிறியது. ஒரு புட்டியை வாங்கி மக்களின் நலத்துக்காக என்று குடித்தார். மணிக்கணக்கில் அப்படியே நின்றார். அன்றைக்கு அவர் உயிர் தப்பியதற்கு அந்தத் தொப்பியும் ஒரு காரணம். ஏழே மாதம், 1793 ஜனவரி 21இல் அந்தத் தலை கில்லட்டினுக்குப் போனது. குடியரசு அமைந்ததும் போட்ட முதல் முத்திரையில், ஈட்டியில் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். பிரெஞ்சுக் குடியரசின் உருவமாகி, பின்னால் மரியான் என்று பெயர் வாங்கியவள் இவள்தான்.

பெண் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. 1793இல் பாரிஸில் புரட்சிப் பெண்களின் சங்கம் ஒன்று இருந்தது. குடியரசின் உருவமே தொப்பி போட்ட பெண்தானே, நாங்களும் போடுகிறோம், எல்லாப் பெண்களும் போட வேண்டும் என்று கிளம்பினார்கள். சந்தைக்காரப் பெண்களுக்கு இது ஆகவில்லை. ஏற்கனவே விலைக்கட்டுப்பாடு பிரச்சினையில் இரு தரப்புக்கும் பகை. அக்டோபர் கடைசியில் அடிதடியே நடந்துவிட்டது. விவகாரம் தேசிய மன்றத்துக்குப் போனது. ஃபாப்ர் தெக்லாந்தின் என்ற உறுப்பினர் எழுந்து, இன்றைக்குத் தொப்பி கேட்பார்கள், நாளைக்கு இடுப்பில் துப்பாக்கி கேட்பார்கள் என்ற ரீதியில் பேசினார். யாரையும் இன்ன உடை உடுத்து என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்மானம் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாளே இன்னொரு தீர்மானம்: பெண்கள் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் தடை. நவம்பரில் சிவப்புத் தொப்பியோடு நகரசபைக்குள் வந்த பெண்களைப் பார்த்து ஷொமெத் என்ற அதிகாரி, வீட்டு வேலையை விட்டுவிட்டு இங்கே என்ன வேலை என்று சீறினார்.

கல்லில் இருக்கும் பெண் தொப்பி போடலாம். காசில் இருப்பவளும் போடலாம். கால் உள்ளவள் போடக் கூடாது. நம் ஊரில் தமிழ்த்தாய்க்கும் பாரதமாதாவுக்கும் கிடைக்கும் மரியாதையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இனி ஸ்ட்ராஸ்பூர் தேவாலயம். இதன் கோபுரம் 142 மீட்டர். அன்றைக்கு உலகத்திலேயே உயரமான கட்டடம். புரட்சிக்காரர்கள் சுவரிலிருந்த சிலைகளை நூற்றுக்கணக்கில் உடைத்துத் தள்ளிவிட்டு, கோபுரத்தையும் இடிக்க வேண்டும் என்றார்கள். காரணம்: எல்லோரும் சமம் என்கிறபோது இது மட்டும் மற்ற கூரைகளுக்கு மேலே ஏன் நீட்டிக்கொண்டிருக்கிறது? ஊர்க்காரர்கள் சமயோசிதமாக ஒரு வேலை செய்தார்கள். தகரத்தில் பிரம்மாண்டமாக ஒரு விடுதலைத் தொப்பி செய்து, சிவப்புச் சாயம் பூசி, 1794இல் கோபுர உச்சியில் மாட்டிவிட்டார்கள். இப்போது அது சமத்துவத்துக்கு எதிரான கோபுரம் இல்லை. ரைன் நதிக்கு அந்தப்பக்கம் ஜெர்மானியர்களுக்கும் தெரியும்படி விடுதலையைத் தூக்கிப்பிடிக்கும் கம்பம். கோபுரம் பிழைத்தது. தமிழில் குல்லா போடுவது என்று ஒரு வழக்கு உண்டல்லவா, அதைச் சொல்லுக்குச் சொல் செய்துகாட்டியவர்கள் இவர்கள்தான். தொப்பியைச் சில ஆண்டு கழித்து இறக்கி, பத்திரமாக வைத்திருந்தார்கள். 1870இல் பிரஷ்யப் படை குண்டு போட்டபோது அது எரிந்துபோனது.

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டு முழுக்க, நாட்டின் பெண் உருவமான பிரிட்டானியாவின் ஈட்டியில் தொப்பி சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதே தொப்பி ராஜத்துரோகமாகிவிட்டது. 1819 ஆகஸ்ட் 16இல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டு அறுபதாயிரம் பேர் கூடினார்கள். மிடில்டன் ஊரிலிருந்து வந்த நெசவாளர்கள் இரண்டு பட்டுக்கொடிகளுக்கு நடுவே, ஒரு கம்பில் சிவப்பு வெல்வெட் தொப்பியைத் தூக்கிவந்தார்கள். அதன் முன்பக்கம் ‘லிபெர்டாஸ்’ என்று தைத்திருந்ததை அவர்களைக் கூட்டிவந்த சாமுவேல் பாம்ஃபோர்ட் எழுதியிருக்கிறார். குதிரைப்படை கூட்டத்துக்குள் பாய்ந்து கொடிகளையும் தொப்பிகளையும் குறிவைத்து வெட்டியது. பதினைந்து பேருக்குக் குறையாமல் செத்தார்கள்.

அமெரிக்காவுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்தத் தொப்பியின் மொத்தக் கதையும் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்து உச்சியில் இருக்கிறது. அதாவது அங்கே இல்லாமல் இருக்கிறது.

ஆரம்பக் காலத்திலிருந்தே அமெரிக்க நாணயங்களில் தொப்பி உண்டு. 1793இல் அடித்த அரை சென்ட்டில் லிபர்டி பெண்ணின் தலைக்குப் பின்னால் ஒரு கோலில் தொப்பி. 1850களில் குவிமாடத்துக்கு மேலே ‘ஃப்ரீடம்’ என்ற சிலை வைக்க முடிவாகிறது. தாமஸ் கிராஃபோர்ட் என்ற சிற்பி ரோமில் உட்கார்ந்து மாதிரி செய்கிறார். ரோமில் இருக்கிறவருக்கு வேறென்ன தோன்றும்? தலையில் விடுதலைத் தொப்பி, சுற்றிலும் நட்சத்திரங்கள். கட்டட வேலைக்குப் பொறுப்பு போர்த்துறை அமைச்சர் ஜெஃபர்சன் டேவிஸ். மிசிசிப்பிக்காரர், அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்தவர். அவர் 1856 ஜனவரியில் ஆட்சேபம் எழுதினார். இந்தத் தொப்பியின் வரலாறு விடுதலையான அடிமையைக் குறிப்பது; சுதந்திரமாகவே பிறந்த, அடிமைப்பட மாட்டாத நம் மக்களுக்கு அது பொருந்தாது.

டேவிஸ் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. வரலாறு அவருக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. தொப்பி யாருடையது என்று அந்த நாட்டில் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அடிமைகள் நிறைந்த நாட்டின் தலைநகரத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் உயரத்தில், ‘அடிமை விடுதலையாவான்’ என்று சொல்லும் ஒரு பொருளை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. கிராஃபோர்ட் தொப்பியை எடுத்துவிட்டு, கழுகுத் தலையும் இறகும் வைத்த ஒரு தலைக்கவசத்தைப் போட்டுக் கொடுத்தார். அடுத்த ஆண்டு இறந்தும் போனார்.

பிளாஸ்டர் மாதிரி ஐந்து துண்டுகளாகக் கப்பலேறி வாஷிங்டன் வந்தது. அதைப் பூட்டி நிறுத்திய இத்தாலியக் கைவினைஞர், வெண்கலம் வார்ப்பதற்காக மறுபடி பிரிக்கும் நேரம் வந்தபோது, கூலியை ஏற்றினால்தான் இணைப்பு எங்கே என்று காட்டுவேன் என்று நின்றுவிட்டாராம். பூச்சு போட்டு மறைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வார்ப்படக்காரர் கிளார்க் மில்ஸிடம் ஓர் அடிமை இருந்தார், பெயர் ஃபிலிப் ரீட். அவர் சிலையின் தலையிலிருந்த இரும்பு வளையத்தில் கயிற்றைக் கட்டிக் கப்பி வைத்து மெல்ல மேலே இழுக்கச் சொன்னார். இழுக்க இழுக்க, இணைப்பு இருந்த இடத்தில் மயிரிழையாக ஒரு கோடு விட்டது. அப்படியே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்கள்.

வாரநாட்களில் ரீட் செய்த வேலைக்குக் கூலி மில்ஸுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் வார்ப்பு அச்சுகளுக்கு அடியில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டதற்கு மட்டும் அவர் கையில் காசு வந்தது: நாளுக்கு ஒன்றேகால் டாலர், 33 ஞாயிறு, மொத்தம் 41 டாலர் 25 சென்ட். அரசுக் கணக்கில் இன்றும் இருக்கிறது. 1862 ஏப்ரல் 16இல் வாஷிங்டன் எல்லைக்குள் அடிமைமுறை ஒழிந்தது. அரசு எஜமானர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தது, அடிமைகளுக்கு இல்லை. மில்ஸ் தன் மனுவில் ரீடைப் பற்றி எழுதியது: வயது 42, குள்ளம், பார்க்க லட்சணமில்லை, ஆனால் புத்திசாலி, வார்ப்பட வேலையில் கெட்டி. கேட்ட விலை 1,500 டாலர்.

1863 டிசம்பர் 2ஆம் தேதி சிலையின் கடைசித் துண்டு மேலே ஏறியது. ரீட் அப்போது விடுதலையான மனிதர். டேவிஸ், அடிமைமுறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் அதிபர். சிலை தலையில் இறகுக் கவசம்தான். அதே கட்டடத்துக்குள் இயங்கும் செனட் 1886இல் ஏற்ற முத்திரையில் சிவப்பு விடுதலைத் தொப்பி இருக்கிறது. டேவிஸ் அப்போது உயிரோடுதான் இருந்தார். அதே 1886இல் நியூயார்க் துறைமுகத்தில் வந்து நின்ற சுதந்திரதேவி தலையிலும் தொப்பி கிடையாது, கதிர் வீசும் கிரீடம். பிரான்ஸில் அதைத் திட்டமிட்டவர்களுக்குச் சிவப்புத் தொப்பி என்றாலே கில்லட்டின் ஞாபகம் வந்தது.

தொப்பி தன் பழைய பொருளோடு முழுசாகப் பொருந்திய இடம் ஹைட்டி. அங்கே 1791இல் எழுந்த அடிமைகள் பிரெஞ்சுப் படையை அடித்துத் துரத்தி, 1804 ஜனவரி 1இல் தனிநாடு அறிவித்தார்கள். அவர்கள் கொடியின் நடுவே ஒரு பனைமரம், உச்சியில் விடுதலைத் தொப்பி. ரோமில் எஜமான் கொடுத்தால்தான் பிலியஸ். இவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. அர்ஜென்டினா, கொலம்பியா, கியூபா, எல் சால்வடோர் என்று அந்தப்பக்கத்து நாட்டுச் சின்னங்கள் பலவற்றில் இந்தத் தொப்பியைப் பார்க்கலாம்.

என்னிடம் ஒரு மெக்சிகோ வெள்ளி இருக்கிறது. 27 கிராம், உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். ஒரு பக்கம் பாம்பைக் கவ்விய கழுகு. மறுபக்கம் ஒரு தொப்பி, பட்டையில் ‘லிபெர்தாத்’ என்ற எழுத்து, சுற்றிலும் சூரியன் மாதிரி கதிர்கள். ஓரத்தில் சீன வியாபாரி யாரோ வெள்ளி அசலா என்று பார்த்துக் குத்திய முத்திரை. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் காசு கிழக்காசியா முழுக்க ஓடியது. 1903இல் தனி டாலர் வரும்வரை பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இதுவும் செலாவணி. அங்கே கடை வைத்திருந்த செட்டியார் பெட்டியிலும், தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போன நம் ஆட்கள் கையிலும் இந்த விடுதலைத் தொப்பி புரண்டிருக்கும். பாட்டன் காலத்துப் பழக்கமாக அங்குள்ள தமிழர்கள் டாலரை இன்றும் ‘வெள்ளி’ என்கிறார்கள். ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தவனுக்கு அந்தப் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது படித்துச் சொல்லியிருப்பார்களா?

நமக்கு இன்னும் பக்கத்திலும் ஒன்று உண்டு. 1797இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் பிரெஞ்சுக்காரர்கள் விடுதலை மரம் நட்டு உச்சியில் தொப்பி வைத்தார்கள், திப்புவை ‘குடிமகன்’ என்று அழைத்தார்கள் என்று ஒரு கதை. ஆனால் இதற்கான ஆவணங்களை வெளியிட்டவர்கள் திப்புவைத் தீர்த்துக்கட்டக் காரணம் தேடிய ஆங்கிலேயர்கள். அதனால் வரலாற்றாசிரியர்களுக்குள் இதில் சச்சரவு உண்டு. நானும் அதை அழுத்திச் சொல்ல மாட்டேன்.

கடைசியாகக் காந்தி குல்லா. ரோமுக்கும் பாரிஸுக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. காந்தி பல மாகாணத்துத் தலையணிகளையும் பார்த்துவிட்டு, காஷ்மீர்க் குல்லாவை ஒட்டித் தன்னுடையதை அமைத்ததாகத் தன் சீடர் காகா காலேல்கரிடம் சொல்லியிருக்கிறார். வெள்ளைக் கதர், ஏனென்றால் அழுக்கு தெரியும், துவைத்துவிடலாம். மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். துணியும் கொஞ்சம்தான் ஆகும். ஆனால் 1921 வாக்கில் அதற்கு நடந்தது எல்லாம் அந்தச் சிவப்புத் தொப்பிக்கு நடந்ததுதான். அரசு அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். உத்தரவு போட்டதாலேயே அது தொப்பி என்ற நிலையைத் தாண்டிவிட்டது.

அதில் ஒரு விசித்திரம் மதுரையில் நடந்தது. அந்தக் குல்லா நாடு முழுக்க ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டு, செப்டம்பர் 22ஆம் தேதி, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து காந்தி இடுப்பில் ஒரு முழத்துண்டோடு வெளியே வந்தார். சட்டை இல்லை, குல்லா இல்லை. கதருக்குக் காசில்லாதவன் கோவணத்தோடு இருக்கட்டும், நானும் அப்படியே இருக்கிறேன் என்பது அவர் கணக்கு. அக்டோபர் 31 வரைக்குமாவது குல்லாவையும் சட்டையையும் விடுகிறேன் என்றுதான் அறிக்கை கொடுத்தார். தேதி வந்தது, போனது. தன் பெயர் ஏறிய குல்லாவை அவர் மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.